இருபடிச் சமன்பாட்டில் ஓர் எண்ணை மாற்றினால் பரவளையம் என்ன ஆகும்? முழுமையான வழிகாட்டி

y = ax² + bx + c. இதில் நாம் மாற்றக்கூடிய எண்கள் மூன்றே மூன்றுதான்: a, b, c. இவற்றில் ஒன்றைத் தொட்டால் வரைபடம் எப்படி அசையும் என்று பார்த்த மாத்திரத்திலேயே சொல்ல முடிந்தால், ஒவ்வொரு பரவளையத்துக்கும் பத்து வரிசை அட்டவணை போட வேண்டிய அவசியம் இல்லை. விடை சரியா தப்பா என்றும் வரைபடத்தை மனதில் ஓடவிட்டே சரிபார்த்துக்கொள்ளலாம்.

மூன்றில் c மிகச் சுலபம். a சுலபம் போலத் தோன்றும், ஆனால் உள்ளே கொஞ்சம் ஆழம் உண்டு. b-ஐப் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், மூன்றிலும் அழகான வேலையைச் செய்வது b-தான். எனவே இங்கே அதற்குத்தான் அதிக இடம்.

ஒரு வரைபடத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்மாஸ், ஜியோஜீப்ரா போன்ற செயலிகளில் a, b, c மூன்றுக்கும் ஸ்லைடர் வைத்து இழுத்துப் பார்ப்பதும் மிக நல்லது. ஆனாலும் முதல் இரண்டு படிகளைக் கையால் வரைந்துவிட்டுச் செயலிக்குப் போங்கள். திரையில் ஓடும் வளைவைக் கண் பார்க்கும்; கையால் வரைந்த வளைவுதான் மனதில் தங்கும்.

படி 1: y = x² கைக்குப் பழகட்டும்

x-க்கு −3 முதல் 3 வரை முழு எண்களைக் கொடுங்கள். y-இன் மதிப்புகள் வரிசையாக 9, 4, 1, 0, 1, 4, 9 என்று வரும். புள்ளிகளைக் குறித்து இழைத்து வரைந்தால் கிடைப்பதுதான் எல்லாப் பரவளையங்களுக்கும் அடிப்படை. இதன் முனை, அதாவது வளைவு திரும்பும் புள்ளி, (0, 0). சமச்சீர் அச்சு y-அச்சு.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. முனையிலிருந்து வலப்பக்கம் ஒரு கட்டம் போனால் வளைவு 1 ஏறுகிறது. இன்னொரு கட்டம் போனால் மேலும் 3. அடுத்த கட்டத்துக்கு 5, அதற்கடுத்ததற்கு 7. அடுத்தடுத்த வர்க்க எண்களின் வித்தியாசம் ஒற்றைப்படை எண்களாகவே வருவதால் இப்படி. இடப்பக்கமும் இதே ஏற்றம். "1, 3, 5" என்ற இந்த ஏணியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முனை எங்கே என்றும் a எவ்வளவு என்றும் தெரிந்தால் போதும், இதை வைத்து எந்தப் பரவளையத்தையும் அரை நிமிடத்தில் வரைந்துவிடலாம்.

படி 2: a-ஐ மாற்றுதல்

இப்போதைக்கு b, c இரண்டும் பூச்சியமாகவே இருக்கட்டும். y = ax² மட்டும்.

a = 2 என்றால் ஒவ்வொரு y மதிப்பும் இரட்டிக்கும்; ஏணி 2, 6, 10 என்று செங்குத்தாகும். a = 1/2 என்றால் ஏணி 0.5, 1.5, 2.5 என்று தணியும். முன்னது ஒடுங்கிய கிண்ணமாகவும் பின்னது அகன்ற கிண்ணமாகவும் தெரியும். a குறை எண்ணானால் கிண்ணம் கவிழ்ந்துவிடும்: y = −x²-இல் ஏணி −1, −3, −5. அதாவது a-இன் குறி வளைவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதைச் சொல்கிறது. குறியை நீக்கிய அளவு, எவ்வளவு செங்குத்து என்பதைச் சொல்கிறது.

அகலத்தை இன்னும் துல்லியமாகவும் சொல்லலாம். முனைக்கு மேலே 1 அலகு உயரத்தில் வளைவின் அகலத்தை அளந்தால் அது 2/√a. ஆகவே அகலம் பாதியாக வேண்டுமென்றால் a இரண்டு மடங்கானால் போதாது, நான்கு மடங்காக வேண்டும். y = 4x² வரைந்து பாருங்கள்: 1 அலகு உயரத்தில் x = −1/2 முதல் 1/2 வரைதான் அகலம். y = x²-க்கு அதே உயரத்தில் −1 முதல் 1 வரை.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. "a மாறினால் பரவளையத்தின் வடிவம் மாறுகிறது" என்று சொல்வது வழக்கம். கறாராகப் பார்த்தால் வடிவம் மாறுவதே இல்லை. y = 2x²-ஐ எடுத்து இரு பக்கமும் 2-ஆல் பெருக்குங்கள்: 2y = 4x², அதாவது 2y = (2x)². இதன் பொருள், y = 2x²-இன் மேலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் ஆதியிலிருந்து இரு மடங்கு தொலைவுக்கு இழுத்தால், அது y = x²-இன் மேல் போய் உட்காரும் என்பதே. (1, 2) என்ற புள்ளி (2, 4) ஆகிறது. (3, 18) என்பது (6, 36) ஆகிறது. இரண்டும் y = x²-இல் உள்ளவைதான். எல்லா வட்டங்களும் ஒரே வடிவம், அளவு மட்டுமே வேறு; பரவளையங்களும் அப்படியே. நீள்வட்டத்துக்கு இந்தச் சிறப்பு கிடையாது, அதில் தட்டையானதும் உருண்டையானதும் உண்மையிலேயே வெவ்வேறு வடிவங்கள். நமக்கு "ஒடுங்கிய" பரவளையமாகத் தெரிவது, தள்ளி நின்று பார்த்த அதே பரவளையம். முனைக்கும் குவியத்துக்கும் (சமச்சீர் அச்சில் வளைவின் உட்புறம் உள்ள ஒரு சிறப்புப் புள்ளி) உள்ள தூரம் 1/(4a) என்பதும் இதையே சொல்கிறது: a பெரிதானால் படம் மொத்தமாகச் சுருங்குகிறது, குவியமும் முனைக்கு அருகே வந்துவிடுகிறது.

a = 0 ஆனால்? அப்போது அது இருபடிச் சமன்பாடே இல்லை, வரைபடம் நேர்கோடாகிவிடும். இதைப் படி 6-இல் இன்னொரு கோணத்தில் பார்ப்போம்.

படி 3: மேலும் கீழும், இடமும் வலமும்

y = x² + 3 என்றால் ஒவ்வொரு புள்ளியும் 3 அலகு மேலேறும். y = x² − 5 என்றால் 5 அலகு இறங்கும். அவ்வளவுதான்.

வரைந்து பார்த்தால் ஒரு சந்தேகம் வரலாம். y = x², y = x² + 3 இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால், மேலே போகப் போக இரண்டும் நெருங்குவது போலத் தெரியும். செங்குத்தாக அளந்து பாருங்கள்: x = 0-இல் இடைவெளி 3, x = 10-இலும் 100-க்கும் 103-க்கும் இடையே அதே 3. மேலே வளைவு செங்குத்தாக ஏறுவதால் குறுக்கே அளக்கும் தூரம் குறைகிறது. கண் அந்தக் குறுக்குத் தூரத்தைத்தான் பார்க்கிறது.

இடவலமாக நகர்த்த, x-க்குப் பதில் (x − h) என்று எழுத வேண்டும். y = (x − 3)²-இன் முனை (3, 0); வளைவு வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது. "கழித்தால் இடப்பக்கம்தானே போக வேண்டும்?" என்று குழம்பாதவர்கள் குறைவு. காரணம் எளிது: முன்பு x = 0-இல் கிடைத்த y மதிப்பு இப்போது கிடைக்க வேண்டுமானால் x − 3 = 0 ஆக வேண்டும், அதாவது x = 3 ஆக வேண்டும். முன்பு 2-இல் கிடைத்தது இப்போது 5-இல் கிடைக்கும். ஒவ்வொரு மதிப்பும் மூன்று அலகு தாமதமாக வந்து சேர்வதால் படம் முழுதும் வலப்பக்கம் தள்ளிப்போகிறது. (x + 2)² என்றால் இரண்டு அலகு முன்னதாகவே வந்துவிடும், அதனால் இடப்பக்கம்.

இவை எல்லாவற்றையும் சேர்த்தால் y = a(x − h)² + k. இதை முனை வடிவம் என்று சொல்வோம். முனை (h, k); ஏணி a, 3a, 5a. எடுத்துக்காட்டாக y = −½(x − 4)² + 5. முனை (4, 5). வளைவு கீழ்நோக்கித் திறக்கும். ஒரு கட்டம் தள்ளினால் 0.5 இறங்கி 4.5, இன்னொரு கட்டத்துக்கு 1.5 இறங்கி 3, அடுத்ததற்கு 2.5 இறங்கி 0.5. இடப்பக்கமும் இதே அளவுகள். ஏழு புள்ளிகள் கிடைத்துவிட்டன, பெருக்கல் அட்டவணை எதுவும் போடவில்லை.

வரிசையில் மட்டும் கவனம் வேண்டும். முதலில் a-ஆல் பெருக்கி, பிறகு k-ஐக் கூட்டுகிறோம். y = 2(x² + 3) என்பதும் y = 2x² + 3 என்பதும் வேறு வேறு; முதலாவதில் 3-உம் இரட்டித்து முனை (0, 6)-இல் போய் நிற்கும்.

படி 4: பொது வடிவத்திலிருந்து முனை வடிவத்துக்கு

தேர்விலும் கணக்கிலும் நம் முன் வருவது பெரும்பாலும் y = ax² + bx + c என்ற வடிவம்தான். அதில் முனை கண்ணுக்குத் தெரியாது. வர்க்கப் பூர்த்தி செய்துதான் வெளியே எடுக்க வேண்டும்.

y = 2x² − 12x + 13

முதல் இரண்டு உறுப்புகளிலிருந்து 2-ஐ வெளியே எடுங்கள்: y = 2(x² − 6x) + 13.
6-இல் பாதி 3, அதன் வர்க்கம் 9. எனவே x² − 6x = (x − 3)² − 9.
y = 2(x − 3)² − 18 + 13 = 2(x − 3)² − 5.

முனை (3, −5). பலர் தவறுவது −18 வரும் இடத்தில்: அடைப்புக்குள் உள்ள −9, வெளியே வரும்போது 2-ஆல் பெருகித்தான் வரும்.

இதையே a, b, c என்ற எழுத்துகளை வைத்துச் செய்தால், முனையின் x ஆயத்தொலைவு −b/(2a), y ஆயத்தொலைவு c − b²/(4a) என்று வரும். இந்த இரண்டு கோவைகளும்தான் இனி நமக்கு வேண்டியவை.

படி 5: b-ஐ மாற்றுதல்

a-யையும் c-யையும் அசையாமல் வைத்துக்கொண்டு b-ஐ மட்டும் மாற்றுவோம். y = x² + bx + 1. b-க்கு −4, −2, 0, 2, 4 என்று ஐந்து மதிப்புகள்.

b = 0 என்றால் y = x² + 1, முனை (0, 1).
b = 2 என்றால் y = (x + 1)², முனை (−1, 0).
b = 4 என்றால் y = (x + 2)² − 3, முனை (−2, −3).
b = −2 என்றால் முனை (1, 0). b = −4 என்றால் முனை (2, −3).

ஐந்து வளைவுகளையும் ஒரே தாளில் வரையுங்கள். முதலில் தெரிவது: a மாறாததால் ஐந்தும் அச்சு அசல் ஒரே வளைவு, இடம்தான் வேறு. இரண்டாவது: ஐந்தும் (0, 1) வழியாகவே போகின்றன. x = 0 என்று போட்டால் bx என்ற உறுப்பு மறைந்துவிடுவதால் b என்னவாக இருந்தாலும் அங்கே y = 1-தான். மூன்றாவதைப் பார்க்க, ஐந்து முனைகளையும் மட்டும் இணையுங்கள். (−2, −3), (−1, 0), (0, 1), (1, 0), (2, −3). இவை இன்னொரு பரவளையத்தின் மேல் இருக்கின்றன, கவிழ்ந்த ஒன்று: y = 1 − x².

இது தற்செயல் இல்லை. முனையின் x ஆயத்தொலைவை p என்று வைத்தால் p = −b/(2a), அதாவது b = −2ap. இதை c − b²/(4a)-இல் போட்டால் c − 4a²p²/(4a) = c − ap². ஆக, b மாறும்போது முனை y = c − ax² என்ற வளைவின் மேல்தான் வழுக்கிச் செல்லும். அதே அளவு, கவிழ்ந்த நிலை, உச்சி (0, c). "b மாறினால் பரவளையம் இடவலமாக நகரும்" என்று சொல்வது பாதி உண்மை. அது வில்போல வளைந்து நகர்கிறது. a மிகை எண்ணாக இருந்தால், b பூச்சியத்தைவிட்டு எந்தப் பக்கம் விலகினாலும் முனை கீழேதான் இறங்கும்.

இடமா வலமா என்பதைக் குறிகளை வைத்துச் சொல்லலாம். a-க்கும் b-க்கும் ஒரே குறி என்றால் முனை y-அச்சுக்கு இடப்பக்கம். வேறு வேறு குறி என்றால் வலப்பக்கம். b-இன் குறியை மட்டும் மாற்றினால் (2-ஐ −2 ஆக்கினால்) படம் y-அச்சில் பிரதிபலிக்கும்.

b-க்கு இன்னொரு பொருளும் உண்டு, எனக்கு அது இன்னும் பிடித்தது. x மிகச் சிறியதாக இருக்கும்போது x² அதைவிடவும் சிறியது: x = 0.1 என்றால் x² = 0.01. ஆகவே y-அச்சுக்கு மிக அருகில் ax² என்ற உறுப்பு ஏறக்குறைய இல்லாதது போலத்தான்; வளைவு y = bx + c என்ற நேர்கோட்டோடு ஒட்டிச் செல்லும். y = x² + 4x + 1-இல் x = 0.1 என்று போட்டால் 1.41; y = 4x + 1 என்ற கோட்டில் 1.4. அதாவது, y-அச்சை வெட்டும் இடத்தில் வளைவின் சாய்வுதான் b. அங்கே வரையும் தொடுகோடு y = bx + c.

இதனால் ஒரு வரைபடத்தைப் பார்த்ததும் b-இன் குறியைச் சொல்லிவிடலாம். வளைவை இடமிருந்து வலமாகப் பின்தொடருங்கள். y-அச்சைக் கடக்கும்போது ஏறிக்கொண்டிருந்தால் b மிகை, இறங்கிக்கொண்டிருந்தால் குறை, சமதளமாகக் கடந்தால் பூச்சியம். a-இன் குறியைப் பார்க்க வேண்டியதே இல்லை. a, b, c மூன்றின் குறிகளையும் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லும் பலவுள் தெரிவு வினாக்களுக்கு இதைவிட விரைவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

படி 6: b, c இருக்கும்போது a-ஐ மாற்றினால்

படி 2-இல் முனை ஆதியிலேயே நின்றது, ஏனெனில் b அங்கே பூச்சியம். b பூச்சியம் இல்லையென்றால் a-ஐ மாற்றும்போது முனையும் நகரும். முனை வடிவத்தில் a-ஐ மாற்றுவதும் பொது வடிவத்தில் a-ஐ மாற்றுவதும் ஒன்றல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

y = ax² + 2x + 1-ஐ எடுங்கள். a = 1/2 என்றால் முனை (−2, −1). a = 1 என்றால் (−1, 0). a = 2 என்றால் (−1/2, 1/2). a = −1 என்றால் (1, 2). குறித்துப் பாருங்கள், எல்லாம் y = x + 1 என்ற நேர்கோட்டின் மேல் விழும். பொதுவாக, a மாறும்போது முனை செல்லும் பாதை y = (b/2)x + c. தொடுகோட்டின் சாய்வு b. முனைகளின் பாதைக்கு அதில் பாதி.

a-ஐப் பூச்சியத்தை நோக்கிக் கொண்டுபோனால் −b/(2a)-இன் அளவு கட்டுக்கடங்காமல் பெருகும். முனை அந்த நேர்கோட்டின் வழியே எங்கோ தொலைதூரத்துக்குப் போய்விடும்; நம் தாளில் மிஞ்சும் பகுதி y = 2x + 1 என்ற தொடுகோட்டோடு மேலும் மேலும் ஒட்டிக்கொள்ளும். a சரியாகப் பூச்சியமாகும்போது அந்தக் கோடு மட்டுமே இருக்கும். a பூச்சியத்தைத் தாண்டிக் குறை எண்ணானதும் முனை மறுகோடியிலிருந்து திரும்பி வரும். ஸ்லைடரை −1 முதல் 1 வரை மெதுவாக இழுத்து இதைக் கட்டாயம் பாருங்கள்.

படி 7: மூலங்கள் எங்கே போகின்றன?

வளைவு x-அச்சை வெட்டும் இடங்களே ax² + bx + c = 0-இன் மூலங்கள். c-ஐ மட்டும் மாற்றி இவற்றைப் பின்தொடர்வோம். y = x² − 6x + c, அதாவது y = (x − 3)² + (c − 9).

c = 5: மூலங்கள் 1, 5.
c = 8: மூலங்கள் 2, 4.
c = 9: இரண்டும் ஒன்றாகி 3. வளைவு அச்சைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.
c = 10: மெய் மூலங்கள் இல்லை; வளைவு முழுவதும் அச்சுக்கு மேலே.

வளைவு மேலேற மேலேற, மூலங்கள் சமச்சீர் அச்சை நோக்கி இருபுறமிருந்தும் நடந்து வந்து, சந்தித்து, மறைகின்றன. அவற்றின் கூடுதல் எப்போதும் 6, ஏனெனில் நடுப்புள்ளி 3 மாறுவதில்லை. தன்மைகாட்டி b² − 4ac இந்தக் கதையைத்தான் எண்ணாகச் சொல்கிறது: மூலங்களுக்கு இடையே உள்ள தூரம், தன்மைகாட்டியின் வர்க்கமூலத்தை a-இன் அளவால் வகுத்தால் கிடைப்பது. c = 5-இல் தன்மைகாட்டி 36 − 20 = 16, தூரம் 4. c = 8-இல் 36 − 32 = 4, தூரம் 2.

c = 10-இல் மறைந்த மூலங்களையும் படத்திலிருந்தே எடுக்கலாம். முனை (3, 1)-ஐப் பிடித்துக்கொண்டு வளைவைத் தலைகீழாகக் கவிழ்த்துங்கள்: y = −(x − 3)² + 1. இது x-அச்சை 2-இலும் 4-இலும், அதாவது 3 ± 1-இல் வெட்டும். அசல் சமன்பாட்டின் கலப்பெண் மூலங்கள் 3 ± i (இங்கே i என்பது i² = −1 ஆகும் கற்பனை எண்). கவிழ்த்த வளைவு நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் அச்சை வெட்டுகிறதோ, அதுவே கற்பனைப் பகுதி. a என்ன மதிப்பாக இருந்தாலும் இது பொருந்தும்.

படி 8: சமன்பாடு வேறு, வளைவு வேறு

x² − 6x + 5 = 0 என்ற சமன்பாட்டை 3-ஆல் பெருக்கினால் 3x² − 18x + 15 = 0. மூலங்கள் அதே 1, 5. ஆனால் y = x² − 6x + 5-இன் முனை (3, −4); y = 3x² − 18x + 15-இன் முனை (3, −12). −1-ஆல் பெருக்கினால் வளைவு கவிழ்ந்து முனை (3, 4)-க்குப் போகும். மூலங்கள் அப்போதும் 1, 5-தான். தீர்வு காண மட்டும் வேண்டுமென்றால் தாராளமாகப் பெருக்கலாம், வகுக்கலாம். வரைய வேண்டுமென்றால் கூடாது. y = 2x² + 4x − 6 என்று கொடுத்தால், "பொதுவாக 2 இருக்கிறது" என்று அதை வகுத்துவிட்டு x² + 2x − 3-ஐ வரைவது தவறு. 2 என்பது அந்த வளைவின் செங்குத்தைச் சொல்லும் எண்.

உறுப்புகளை மறுபக்கம் கொண்டுபோவதும் அப்படித்தான். x² = 6x − 5 என்று எழுதினால், அது y = x² என்ற வளைவும் y = 6x − 5 என்ற கோடும் சந்திக்கும் இடங்களைக் கேட்கிறது. அவை (1, 1), (5, 25). x மதிப்புகள் அதே 1, 5. இந்த முறையில் y = x²-ஐ ஒரே ஒரு முறை துல்லியமாக வரைந்து வைத்துக்கொண்டு, கோட்டை மட்டும் மாற்றி மாற்றிப் பல சமன்பாடுகளைத் தீர்க்கலாம்.

படி 9: மேலே எறிந்த பந்தில் a, b, c

நேர்மேலே எறிந்த பந்தின் உயரம், காற்றுத் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், y = −4.9t² + ut + s. இங்கே t நொடியில், y மீட்டரில். −4.9 என்பது புவியீர்ப்பு முடுக்கமான 9.8-இல் பாதி, குறை குறியுடன். u தொடக்க வேகம், s எறிந்த உயரம்.

இப்போது ஒவ்வொரு எழுத்துக்கும் உயிர் வந்துவிடுகிறது. மாடியில் ஏறி நின்று எறிந்தால் c மட்டும் மாறும். வேகமாக எறிந்தால் b மாறும். வேறொரு கோளுக்குப் போனால் a மாறும்.

தரையிலிருந்து நொடிக்கு 9.8 மீட்டர் வேகத்தில் எறிந்தால் பந்து 1 நொடியில் 4.9 மீட்டர் உச்சியைத் தொடும். வேகத்தை 19.6 ஆக்கினால் 2 நொடியில் 19.6 மீட்டர். வேகம் இரட்டித்தது, நேரமும் இரட்டித்தது, உயரம் நான்கு மடங்கானது. (1, 4.9), (2, 19.6) என்ற இந்த உச்சிகள் y = 4.9t²-இன் மேல் இருக்கின்றன. படி 5-இல் பார்த்த y = c − ax² என்ற பாதையேதான் இது. நிலவில் ஈர்ப்பு முடுக்கம் ஏறக்குறைய 1.62; a = −0.81. அதே 9.8 வேகத்தில் அங்கே எறிந்தால் உச்சியைத் தொட ஏறத்தாழ 6 நொடி, உயரம் ஏறத்தாழ 29.6 மீட்டர்.

உச்சியிலிருந்து பந்து விழும் தூரங்களைச் சம நேர இடைவெளிகளில் அளந்தால் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வரும். கலிலியோ கண்டறிந்த விதி இது. எறிபொருளின் பாதை பரவளையம் என்ற அவரது நிறுவல் 1638-இல் அச்சானது. ஒன்று மட்டும் கலந்துவிட வேண்டாம்: மேலே நாம் வரைந்தது உயரத்துக்கும் நேரத்துக்கும் இடையிலான வரைபடம், நேர்மேலே எறிந்த பந்தின் பாதையோ வெறும் செங்குத்துக் கோடு.

படி 10: வளைவிலிருந்து சமன்பாட்டுக்கு

முனையும் இன்னொரு புள்ளியும் தெரிந்தால் போதும். முனை (2, −3), வளைவு (4, 5) வழியாகப் போகிறது என்போம். y = a(x − 2)² − 3-இல் (4, 5)-ஐப் போட்டால் 5 = 4a − 3, எனவே a = 2. விரித்தால் y = 2x² − 8x + 5. சரிபார்க்க: (0, 5)-உம் வளைவில் இருக்கிறது; அது சமச்சீர் அச்சு x = 2-ஐப் பொறுத்து (4, 5)-இன் பிரதிபலிப்புதான். முனைக்குப் பதில் மூலங்கள் p, q தெரிந்தால் y = a(x − p)(x − q)-இல் தொடங்குங்கள். இரண்டும் தெரியாமல் மூன்று புள்ளிகள் மட்டும் இருந்தால், a, b, c-க்கு மூன்று சமன்பாடுகள் எழுதித் தீர்க்க வேண்டியதுதான்.

செய்து பார்க்க

1. y = 3x² + 12x + 7-இன் முனையும் ஏணியும் என்ன? வர்க்கப் பூர்த்தி செய்தால் y = 3(x + 2)² − 5. முனை (−2, −5); ஏணி 3, 9, 15.

2. y = −x² + 6x + c என்ற வளைவு x-அச்சைத் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்க c எவ்வளவு? y = −(x − 3)² + 9 + c; எனவே c = −9.

3. y = ax² − 6x + 2-இல் a-ஐ மட்டும் மாற்றிக்கொண்டே போனால் முனை எந்தப் பாதையில் போகும்? y = −3x + 2. a = 1 என்றால் முனை (3, −7), அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

4. y = 2x² − 4x + 7-ஐ இடப்பக்கம் 3, கீழே 2 நகர்த்துங்கள். y = 2(x − 1)² + 5 என்பது y = 2(x + 2)² + 3 ஆகிறது; விரித்தால் y = 2x² + 8x + 11. a மாறவில்லை. b −4-இலிருந்து 8 ஆனது. வளைவைக் கீழே இறக்கியும் c 7-இலிருந்து 11-க்கு ஏறியிருக்கிறது. c என்பது வளைவின் உயரம் அல்ல, y-அச்சை வெட்டும் உயரம். முன்பு முனைக்கு ஒரு கட்டம் தள்ளி y-அச்சை வெட்டிய வளைவு, இப்போது இரண்டு கட்டம் தள்ளி வெட்டுகிறது. ஏணியில் 2 மட்டும் ஏறியிருந்த இடத்தில் இப்போது 2 + 6 ஏறியிருக்கிறது. முனை 2 இறங்கியதைக் கழித்தால் மிஞ்சும் 4-தான் அந்த வித்தியாசம்.